இரண்டு தேதிகள்

பிப்ரவரி பாதி தாண்டிவிட்டால் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்கால நேரத்தில் ஒரு கூட்டம் சேரும். கயிறு கட்டி ஆட்களைப் பின்னால் நிறுத்தியிருப்பார்கள். ஒருவர் கூடையைச் சாய்க்க, கட்டைவிரல் நீள ஓடும் அதைவிடப் பெரிதாகத் தெரியும் துடுப்புக் கால்களுமாகக் கருஞ்சாம்பல் நிறக் குஞ்சுகள் ஈர மணலில் இறங்கி அலையை நோக்கி நகரும். பார்க்க வந்த குழந்தைகள் "அம்மா ஆமை எங்கே?" என்று கேட்பார்கள். பெரியவர்களின் கேள்வி வேறாக இருக்கும். மனித இனம் பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கடலாமை கரையேறி, குழி தோண்டி, முட்டையிட்டுப் போகிறது. அப்போதெல்லாம் கூடையும் கிடையாது, தன்னார்வலரும் கிடையாது. இப்போது மட்டும் எதற்காக முட்டைகளைத் தோண்டியெடுத்து வேலிக்குள் புதைக்க வேண்டும்? இட்ட இடத்திலேயே விட்டுவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. இதற்கான பதிலின் முதல் பாதி எல்லாருக்கும் புரியக்கூடியது. இரண்டாம் பாதியைக் கண்டுபிடிக்க அறிவியலுக்கே வெகுகாலம் ஆயிற்று.

தடம் பார்த்து நடப்பவர்கள்

சென்னைக் கரைக்கு வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. வளர்ந்த ஆமையின் ஓடு இரண்டடிக்குச் சற்று மேல், எடை நாற்பது கிலோ அளவில் இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் முடிய, சில ஆண்டுகளில் ஏப்ரல் வரைக்கும், பெண் ஆமைகள் இரவில் கரையேறும். ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் இதே இனம் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் ஏறுவதுண்டு. சென்னையில் அப்படி இல்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தனித்தனியாக வரும். அதனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தத் தேடல் 1970களின் முற்பாதியில் தொடங்கியது. சென்னையில் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய சகாக்களும் இரவுக் கரையில் நடந்து முட்டைகளைத் தேடினார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர் பிற்காலத்தில் இந்தியக் கரைகளிலும் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று பதிவு செய்தார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சில காலம் முட்டை பொரிக்கும் பணியை நடத்தின. 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். தலைமுறை மாறினாலும் நடை நிற்கவில்லை. முட்டையிடும் பருவத்தின் வார இறுதிகளில் பொதுமக்களும் கூட வரலாம். நீலாங்கரையில் புறப்பட்டு, ராத்திரி முழுக்க வடக்கே நடந்து, விடிவதற்குள் பெசன்ட் நகர் வந்து சேர்வார்கள்.

டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் கரையேறும் ஆமை அப்படியே திரும்பிவிடும். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். முன்னால் போகிறவர் ஈர மணலுக்கும் காய்ந்த மணலுக்கும் இடையிலுள்ள கோட்டைப் பார்த்துக்கொண்டே நடப்பார். அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் தடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பங்குனி ஆமை நம்மைப் போலவே வலது, இடது என்று மாற்றி மாற்றிக் கால் வைக்கிறது. ஆகவே இரண்டு பக்கத்து வளைந்த குறிகளும் நேர்க்கு நேராக விழாமல் முன்னும் பின்னுமாக விழும். பேராமையின் தடத்தில் இரு பக்கக் குறிகளும் நேர்க்கு நேர் இருக்கும். தடத்தைப் பார்த்ததுமே வந்தது எந்த இனம் என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

தடம் மேலேறிப் போய், மணல் கலைந்த ஓரிடத்தில் முடிந்து, வேறு பாதையில் கடலுக்குத் திரும்பியிருக்கும். கலைந்த இடம் சில அடி அகலம் இருக்கும். அதற்குள் முட்டை எங்கே? முட்டையிட்டு மூடியபின் ஆமை தன் உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து மணலைத் தட்டி இறுக்கிவிட்டுத்தான் போகும். ஒரு மெல்லிய கம்பியை மெதுவாக மணலில் இறக்கிப் பார்ப்பார்கள். தோண்டாத மணல் கம்பியைத் தடுக்கும். தோண்டி மூடிய மணலில் கம்பி சட்டென்று இறங்கும். அந்த இடத்தில் கையாலேயே தோண்டுவார்கள். முழங்கை மறைகிற ஆழத்தில் முட்டை விரலில் தட்டுப்படும். வெள்ளையாக, உருண்டையாக இருக்கும். கோழி முட்டை மாதிரி ஓடு விறைப்பாக இருக்காது. அழுத்தினால் குழிந்து, விட்டால் மெல்ல நிமிரும். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டைகள்.

முதல் பாதி: நாயும் விளக்கும்

இட்ட இடத்திலேயே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். நகரத்துக் கரையில் நாய்கள் மோப்பம் பிடித்துக் குழியைக் கிளறிவிடும். அதற்குத் தப்பித்துப் பொரிந்த குஞ்சுகளுக்கு அடுத்த ஆபத்து விளக்கு.

குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலைக் கிளப்பிக்கொண்டு மேலே வரும். மேல்மணல் குளிர்ந்தால் அதுதான் அவற்றுக்கு அறிகுறி. வந்ததும் தாழ்வான அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் போகும். மனிதர் இல்லாத கரையில் இந்த வழி தவறாது. வானத்து ஒளி பட்டு மினுங்கும் கடல், புதரும் மரமும் நிற்கும் நிலத்தைவிட எப்போதும் வெளிச்சமாக இருக்கும். கரையோரச் சாலையில் மின்கம்பங்கள் வந்தபின் இந்தக் கணக்கு தலைகீழானது. குஞ்சு சாலையை நோக்கி ஊர்ந்து, வண்டிச் சக்கரத்திலோ காக்கையின் அலகிலோ மாட்டிக்கொள்ளும். இல்லையென்றால் விடிந்ததும் சூட்டில் காய்ந்து போகும். அதனால்தான் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டு போகிறார்கள். பொரிப்பகம் என்றால் கரையிலேயே வேலியடைத்த ஒரு மணல் பரப்பு. குழிக்கு ஒரு கூடை கவிழ்த்து, எண் எழுதிய அட்டை நட்டிருப்பார்கள்.

இடம் மாற்றுவதிலும் ஓர் அவசரம் உண்டு. இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டும். கரு முட்டைக்குள் மேல் பக்கமாக ஏறி ஓட்டின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். ஒட்டியபின் முட்டை உருண்டால் கரு அறுந்து செத்துவிடும். ராத்திரி எடுத்தது விடிவதற்குள் மணலுக்குள் போக வேண்டும் என்று அவர்கள் பறப்பது இதனால்தான். புதிய குழியும் பழைய குழி மாதிரியே கழுத்து குறுகி அடி அகன்ற குடமாக, அதே ஆழத்தில் இருக்க வேண்டும்.

ஆழம் ஏன் அவ்வளவு முக்கியம்? இங்கேதான் பதிலின் இரண்டாம் பாதி வருகிறது.

ஆணா, பெண்ணா?

நம்மில் குழந்தை ஆணா பெண்ணா என்பது கரு உருவாகும் நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. கடலாமையில் முட்டை மணலுக்குள் போகும்வரை அது முடிவாவதில்லை. சுற்றியிருக்கும் மணலின் சூடு அதை முடிவு செய்கிறது. மணல் குளிர்ச்சியாக இருந்தால் ஆண், சூடாக இருந்தால் பெண். இரண்டும் சரிபாதியாகப் பிறக்கும் சூட்டைத் திருப்புமுனை வெப்பநிலை என்று வைத்துக்கொள்வோம். கடலாமைகளுக்கு அது ஏறக்குறைய 29 முதல் 30 டிகிரி செல்சியஸ். அதற்கு ஓரிரு டிகிரி கீழே போனால் குழியில் ஏறத்தாழ எல்லாமே ஆண். ஓரிரு டிகிரி மேலே போனால் ஏறத்தாழ எல்லாமே பெண். 35ஐ ஒட்டிப் போய் அங்கேயே நின்றால் முட்டையே வெந்துவிடும்.

சூடு பாலினத்தை மாற்றும் என்பதை ஊர்வனவற்றில் முதன்முதலாகக் கண்டு சொன்னவர் மடலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர். 1966இல் செனகலின் டக்கார் நகரில் ஓணான் வகை ஒன்றை வைத்து அவர் செய்த ஆய்வு அது. அதன்பின் வந்த ஆண்டுகளில் உலகின் பல கரைகளில் ஆமை முட்டைகளைத் தெர்மோகோல் பெட்டிகளில் வைத்துப் பொரிக்கும் பழக்கம் வந்தது. நாய் தொடாது, வெள்ளம் புகாது. பாதுகாப்பான முறைதான். ஆனால் பெட்டிக்குள் மணலைவிடக் குளிர்ச்சி அதிகம். 1980இல் நிக்கோலஸ் மிரோசாவ்ஸ்கியும் செஸ்டர் யின்டெமாவும் எழுதிய கட்டுரை ஆமைப் பாதுகாவலர்களைத் தூக்கிவாரிப் போட்டது. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வெறும் ஆண் குஞ்சுகளையே உண்டாக்கிக் கடலில் விட்டுக்கொண்டிருக்கலாம் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

முட்டையை நகர்த்துகிறவர் அதன் சூட்டையும் நகர்த்துகிறார். ஒரு சாண் ஆழம் குறைந்தால் சூடு கூடும். நிழலில் புதைத்தால் குறையும். நூறு குஞ்சுகள் பத்திரமாகக் கடலுக்குப் போயின என்று மகிழ்வதோடு இந்த வேலை முடிவதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

சிக்கல் என்னவென்றால் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. வெளியே எந்த அடையாளமும் இருக்காது. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். காப்பாற்ற வந்த இடத்தில் அதை எப்படிச் செய்வது?

ஒரு குழியின் கணக்கு

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதற்கு வெப்பமானி கூடத் தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முட்டை இட்ட தேதி ஒன்று, குஞ்சு வெளிவந்த தேதி ஒன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களை அடைகாலம் என்போம். மணல் சூடாக இருந்தால் கரு வேகமாக வளரும், அடைகாலம் குறையும். குளிர்ச்சியாக இருந்தால் கரு நிதானமாக வளரும், அடைகாலம் நீளும். ஆகவே அடைகாலத்தைப் பார்த்தே மணல் எவ்வளவு சூடாக இருந்தது என்று ஊகிக்கலாம். சூடு தெரிந்தால் ஆண் அதிகமா, பெண் அதிகமா என்பதையும் ஊகிக்கலாம்.

இரண்டு குழிகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைப்பவை. முதல் குழியில் ஜனவரி 10 அன்று முட்டை விழுந்தது, மார்ச் 5 அன்று குஞ்சுகள் மேலே வந்தன. அடைகாலம் 54 நாள். இரண்டாம் குழியில் மார்ச் 15 அன்று முட்டை, ஏப்ரல் 30 அன்று குஞ்சுகள். 46 நாள். அதே கரை, அதே ஆழம். எட்டு நாள் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அடைகாலத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். பாலினம் முடிவாவது நடுப்பகுதியில்தான். முதல் பகுதியில் கரு மிகச் சிறியது. கடைசிப் பகுதியில் எல்லாம் முடிவாகிவிட்டிருக்கும். முதல் குழிக்கு நடுப்பகுதி ஜனவரி கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி நடுவில் முடிகிறது. மார்கழி, தைப் பனி பட்ட மணல் இன்னும் சூடேறியிருக்காது. அதில் ஆண்கள் பிறக்க வாய்ப்பு அதிகம். இரண்டாம் குழிக்கு நடுப்பகுதி ஏப்ரல் முதல் பாதி முழுக்க ஓடுகிறது. பங்குனி வெயில் மணலுக்குள் ஆழமாக இறங்கிவிட்ட காலம். அந்தக் குழி அநேகமாகப் பெண்களையே தரும்.

கணக்கு இவ்வளவுதான் என்று நினைத்துவிட வேண்டாம். சறுக்கக்கூடிய இடங்கள் உண்டு. குஞ்சு ஓட்டை உடைக்கும் நாளும் மணலுக்கு மேல் தலைகாட்டும் நாளும் ஒன்றல்ல. ஓட்டை உடைத்தபின், ஒன்றையொன்று தள்ளி, மேலிருந்து சரியும் மணலைக் காலுக்கடியில் மிதித்து, கூட்டமாக ஏறிவர இரண்டு மூன்று நாளாகும். நாம் எழுதுவது மேலே வந்த தேதியை. எல்லாக் குழிக்கும் அப்படியே எழுதினால் ஒப்பிடலாம், கலந்து எழுதினால் எல்லாம் குழம்பும். இன்னொன்று, கடைசி நாட்களில் வளரும் குஞ்சுகளின் உடல் சூடே குழியை ஓரிரு டிகிரி ஏற்றிவிடும். அடைகாலம் குறைவதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் பாலினம் அதற்குள் முடிவாகியிருக்கும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் நாலைந்து நாளுக்குக் குழி குளிர்ந்திருக்கும். அந்த மழை நடுப்பகுதியில் விழுந்ததா, முன்னாலா, பின்னாலா என்பதைப் பொறுத்து விடை மாறும். வெயில் ஏறியபின் பொரிப்பகத்தின் மேல் நிழல் பந்தல் போட்டால் எந்தத் தேதியில் போட்டார்கள் என்பதும் நோட்டில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து அந்த நோட்டைப் படிப்பவர், மணல் தானாகவே குளிர்ந்தது என்று தவறாக எடுத்துக்கொள்வார்.

ஒற்றைக் குழியை வைத்து இதில் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான குழிகளை ஒரே முறையில், ஆண்டுக்கணக்காக எழுதி வந்தால் சொல்லலாம். பருவத்தின் சராசரி அடைகாலம் பத்தாண்டில் மூன்று, நான்கு நாள் சுருங்கினால் அந்தக் கரை சூடேறுகிறது, பெண்கள் கூடுகிறார்கள் என்று பொருள். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீப் வடபகுதியில் பிறந்த இளம் பேராமைகளில் 99 சதவீதம் பெண்கள் என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே ஹார்மோன் சோதனை, மரபணுச் சோதனை எல்லாம் செய்தார்கள். நம் கரையில் அந்த வசதி இல்லாத ஆண்டுகளுக்கும் தேதிகள் இருக்கின்றன. பகலில் வேலைக்கோ வகுப்புக்கோ போய்விட்டு, ராத்திரி நடந்து, தூக்கம் கண்ணைச் சொக்க முட்டைகளை எண்ணிப் புதைத்துவிட்டு, மறக்காமல் தேதி எழுதியவர்கள் தந்த செல்வம் அது.

ஒன்றும் கிடைக்காத இரவு

நடை முடிந்தும் ஒரு தடம் கூடத் தென்படாத இரவுகள் உண்டு. புதிதாக வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்த இரவையும் எழுதியாக வேண்டும்: எங்கிருந்து எங்கே நடந்தார்கள், எத்தனை மணிக்கு, பார்த்தது பூஜ்யம். ஒரு வருஷம் ஐம்பது குழி, இன்னொரு வருஷம் நூறு குழி என்று மட்டும் எழுதியிருந்தால், ஆமை இரட்டித்ததா, நடந்த இரவுகள் இரட்டித்தனவா என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை இரவு, எத்தனை கிலோமீட்டர் என்பது தெரிந்தால்தான் குழிகளின் எண்ணிக்கைக்கு அர்த்தம் வரும்.

குஞ்சுகள் போனபின் குழியைத் திரும்பத் தோண்டிப் பார்ப்பதும் இப்படித்தான். உடைந்த ஓடுகள் எத்தனை, கரு உருவாகாத முட்டை எத்தனை, பாதி வளர்ந்து செத்தது எத்தனை என்று எண்ணுவார்கள். நாற்றம் குடலைப் புரட்டும். கூட்டமும் இருக்காது, படம் பிடிக்க யாரும் வரமாட்டார்கள். பாதி வளர்ந்து செத்தவை வெயில் மாதங்களில் மட்டும் கூடுகின்றனவா என்பதற்கு விடை அந்தக் குழியில்தான் இருக்கிறது.

கரை ஒதுங்கியவை

2025 ஜனவரியில் சென்னையிலும் அதன் தெற்கிலுள்ள கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பலவற்றுக்குக் கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. நீருக்குள் மூச்சு முட்டியதன் அடையாளம் அது. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான். ஓய்ந்து கிடந்தால் மணிக்கணக்கில்கூட நீருக்கடியில் இருக்கும். விசைப்படகின் இழுவலையில் சிக்கித் திமிறும்போது உள்ளிருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். வலையை மேலே தூக்குவதற்குள் உயிர் போயிருக்கும். தமிழ்நாட்டில் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் கரையை ஒட்டிய நீரில்தான். கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதற்குள் ஆமைகளின் பருவம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஐந்து மைல் விதியை ஜனவரி, பிப்ரவரியில் கண்டிப்பாகக் காப்பதற்கு இணையாக வேறு எந்த ஏற்பாடும் இந்த ஆமைகளுக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. பைபர் படகில் போகும் குப்பத்து மீனவர்களுக்கும் இதே விதிதான் பாதுகாப்பு. செத்த ஆமை எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று பல நேரம் முதலில் தகவல் சொல்வதும் அவர்கள்தான்.

நடப்பவர்கள் ஒவ்வொரு உடலையும் பதிவு செய்ய வேண்டும். இடமும் தேதியும் எழுதி, ஓட்டின் நீளத்தையும் அகலத்தையும் நாடாவால் அளந்து, ஓட்டின்மேல் பெயிண்டால் ஒரு குறி போட வேண்டும். நாளை அலை அதை இன்னொரு இடத்தில் சேர்த்தால் இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது. துடுப்புக் காலில் உலோக வில்லை மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2021இல் ஒடிசாவில் வில்லை மாட்டிய ஒரு பங்குனி ஆமை 2025இல் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் முட்டையிட்டது. வங்கக் கடலிலிருந்து அரபிக் கடலுக்கு ஒரே ஆமை போய் முட்டையிடும் என்பது அந்த வில்லையின் எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டவரால்தான் தெரிய வந்தது.

இவற்றோடு வாலையும் பார்க்க வேண்டும். பெண்ணின் வால் ஓட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் அளவுக்குத்தான் இருக்கும். ஆணின் வால் தடித்து, நீண்டு, பின்துடுப்புகளைத் தாண்டி நிற்கும். பெண் ஆமை முட்டையிடக் கரையேறுகிறது. அதைக் கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம், அளக்கலாம். ஆண் குஞ்சு கடலுக்குள் போனால் அதன்பின் கரைக்கு வருவதில்லை. எத்தனை ராத்திரி நடந்தாலும் உயிருள்ள ஆண் ஆமையை நம் மணலில் பார்க்க வாய்ப்பில்லை. வளர்ந்த ஆண்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதற்குக் கரையில் நடப்பவருக்குக் கிடைக்கும் நேரடிச் சான்று, செத்து ஒதுங்கிய உடலின் வால் மட்டுமே. இனி பிறக்கப் போகும் ஆண்களைப் பற்றிப் பொரிப்பக நோட்டின் அடைகாலம் சொல்லும். இருக்கும் ஆண்களைப் பற்றிச் செத்தவற்றின் நோட்டு சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதற்காகத்தான் வாலுக்கென்று அதில் தனியாக ஒரு பத்தி வேண்டும் என்கிறேன்.